கடல் பக்கத்துச் சரிவுக்கு ஒரு வண்டி

எங்க ஏரியாவுல மலைன்னு ஒண்ணு கிடையாது. ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் சைக்கிள் மிதிச்சா, மேம்பாலம் ஏறுற எடத்துல மட்டும்தான் மூச்சு வாங்கும். அந்த ஊர்ல பொறந்த எனக்கு ஒரு மலையைப் பாத்துக்கிற வேலை வந்துச்சு. சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

சாமி படைச்ச மலை இல்ல. எண்ணூர் போற வழியில ஒரு கம்பெனி. பழைய சாம்பலையும் மண்ணையும் பல வருஷமா ஒரே பக்கம் குமிச்சு, மேல களிமண் போட்டு மூடி, புல்லு வெச்சு விட்டிருந்தாங்க. மூணு மாடி உசரம். ஒரு சுத்து நடந்து வர அரை மணி நேரம் ஆவும். புல்லு இருந்தாத்தான் மழைக்கு மண்ணு கரையாது. ஆனா அதே புல்லு ஐப்பசி, கார்த்திகை மழையில இடுப்பு உசரத்துக்கு வளர்ந்து, மாசி பொறந்தா காஞ்சு நிக்கும். மேட்டுக்கு இந்தாண்ட எண்ணெய் டேங்குங்க வரிசையா கீது. ஒரு பீடித் துண்டு விழுந்தா போதும். அதனால வருஷா வருஷம் காய்றதுக்குள்ள வெட்டியாவணும்.

வெட்டுறது நாங்க. பதினோரு பொம்பளைங்க, பாதிப் பேரு சடையங்குப்பத்துலேர்ந்து வர்றவங்க. நான்தான் மேஸ்திரி. கூட ரெண்டு ஆம்பளைங்க, தோள்ல மாட்டிகினு வெட்டுற மிஷின் அவங்க கையில. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரு எங்க வூட்டுக்காரரு.

அவரு காசிமேட்டுல இருவது வருஷம் விசைப்படகு ஓட்டுனவரு. ஓனரு படகை வித்ததும், இன்னொருத்தன் படகுல போயி கையைக் கட்டிகினு நிக்க ரோசம். மூணு மாசம் வூட்ல குந்திகினு ஃபேனைப் பாத்துகினு இருந்தாரு. "யோவ், கெளம்புய்யா எங்கூட"ன்னு நான்தான் இழுத்துகினு வந்தேன். பொண்டாட்டி மேஸ்திரி, புருஷன் கூலியான்னு எங்க பொம்பளைங்க கிண்டல் அடிப்பாளுங்க. "யக்கா, அண்ணன் லேட்டா வந்துச்சு, ஆப்சென்ட் போடு"ன்னு கத்துவாளுங்க. அவரும் சிரிச்சுகினேதான் இருப்பாரு. 

போன மழைக்கு அப்புறம் கடல் பக்கத்துச் சரிவுல எங்க ஆளு ஒருத்தி வழுக்கி உருண்டு இடுப்பு எலும்பு ஒடைஞ்சு போச்சு. அந்தப் பக்கம்தான் செங்குத்து. அங்க நிக்கணும்னா ஒரு காலை மடிச்சு, பாதத்தைப் பக்கவாட்டுல குத்தி நிக்கணும். அவ இன்னும் கோல் ஊனித்தான் நடக்குறா. அதோட கம்பெனி சொல்லிடுச்சு, சரிவுல இனிமே ஆளு நின்னு வெட்டக் கூடாது, உக்காந்து ஓட்டுற புல்லுவெட்டி வண்டி ஒண்ணு வாங்கணும்னு. ஓரம், கால்வா, செடிக்கு அடி மட்டும் எங்க கைக்கு.

எந்த வண்டி வாங்குறதுன்னு பாக்குற பொறுப்பு ஒரு எஞ்சினியர் சாருக்கு. நல்ல மனுஷன்தான், ஆனா அந்த மேட்டு மேல அவரு மொத்தம் ரெண்டு தடவை ஏறியிருப்பாரு. "நீங்கதான்மா இந்த எடத்தை தெரிஞ்சவங்க, கூட இருந்து பாத்துச் சொல்லுங்க"ன்னாரு. ஓட்டுறதுக்கு யாருன்னு கேட்டாரு. எங்க வூட்டுக்காரரைக் கைகாட்டுனேன். எந்த வண்டி வந்தாலும் அதுமேல தெனமும் குந்தப்போறது என் புருஷன். கவுந்தா அவரு மேலதான் கவுழும். நான் தப்பா கைகாட்டுனா, அந்தத் தப்புக்கு வெலை அவரு உசுரு.

மொதல்ல வந்த வண்டி பாக்க அப்படி ஒரு பளபளப்பு. ஸ்டியரிங்கே கிடையாது, ரெண்டு கைக்கும் ரெண்டு லீவரு. நின்ன எடத்துலயே பம்பரமா சுத்துது. இஸ்திரி போட்ட சட்டையில வந்த வண்டிக் கம்பெனிக்காரன், கேட்டு பக்கத்துல இருக்குற சமதரைப் புல்லுல பத்து நிமிஷம் ஓட்டிக் காமிச்சான். ஆபீஸ் ஆளுங்க எல்லாம் போன்ல படம் புடிச்சாங்க. எங்க கம்பெனி மேனேஜரு கை தட்டுனாரு.

நான் குனிஞ்சு, பிளேடை மூடியிருந்த இரும்புத் தட்டைத் தட்டிப் பாத்தேன். பிஸ்கெட் டின்னு மாதிரி சத்தம் வந்துச்சு. எங்க ஊர் உப்புக் காத்துக்கு வூட்டுக் கேட்டே ரெண்டு மழை தாங்காது, இது எங்க தாங்கும்? முன் சக்கரம் ரெண்டும் தள்ளுவண்டிச் சக்கரம் சைஸுல, தானா திரும்பிகினு இருந்துச்சு.

"சார், கடல் பக்கம் ஏத்துங்க"ன்னேன்.

"அதுக்கென்னம்மா, எங்க வேணா ஏறும்"னான்.

நேரா ஏறுச்சு, பொய் சொல்ல மாட்டேன். சரிவுல குறுக்கால திரும்புனப்பதான் வேடிக்கை. பின்சக்கரம் புல்லுல வழுக்குச்சு, முன் சக்கரம் ரெண்டும் கீழ்ப்பக்கம் மூஞ்சியத் திருப்பிகிச்சு, வண்டி அப்படியே பக்கவாட்டுல ஒரு ஆள் நீளத்துக்குச் சறுக்கி வந்து நின்னுச்சு. அவன் எறங்குறப்போ இஸ்திரிச் சட்டை முதுகோட ஒட்டிகினு இருந்துச்சு. "புல்லு ஈரம்மா"ன்னான். வெட்டுற மாசத்துல எங்க புல்லு எப்போய்யா ஈரமா இல்லாம இருந்துச்சு? கடலு அங்கயே கீது.

மேனேஜரு என்ன சொன்னாரு தெரியுமா? "ஓட்டுறவருக்குப் பழக்கம் இல்ல. ஆனா நல்ல வேகம்." எனக்குக் கோவம் உச்சிக்கு ஏறுச்சு.

ரெண்டாவது வண்டியை ஒரு மெக்கானிக்கு லோடு ஆட்டோவுல ஏத்திகினு வந்தாரு. கை நகமெல்லாம் கிரீஸ். வண்டி குள்ளம், அகலம், பார்வைக்கு ஒண்ணும் சொகுசு இல்ல. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சீட்டுக்குப் பின்னாடி ஆளு உசரத்துக்கு ஒரு இரும்பு வளைவு, வண்டி கவுந்தாலும் ஆளை நசுக்காம அது தாங்கும். தட்டைத் தட்டுனேன், என் கைதான் வலிச்சுது. எங்கெங்க கிரீஸ் அடிக்கணும்னு குனிஞ்சு ஒவ்வொரு எடமா காமிச்சாரு. பிளேடு தேஞ்சா என்ன பண்றதுன்னு கேட்டேன். "திருவொத்தியூர்ல எந்த லேத்துல குடுத்தாலும் சாணை புடிச்சுத் தருவான்க்கா"ன்னாரு. பெல்ட்டு, பில்டரு எல்லாம் பாரிமுனையில கெடைக்கிற சாமான். நான் கேட்க நெனச்சதெல்லாம் கேட்கறதுக்கு முன்னாடியே சொன்னாரு.

"ஒரு வாரம் வெச்சுக்கினு ஓட்டிப் பாருங்க. வெள்ளிக்கெழமை நான் வந்து மேனேஜரு முன்னாடி ஓட்டிக் காமிக்கச் சொல்றேன்"னாரு. போறதுக்கு முன்னாடி எங்க வூட்டுக்காரர்கிட்ட ரெண்டு விஷயம் சொன்னாரு. ஒண்ணு, சீட்டு பெல்ட்டு போட்டுக்கணும். ரெண்டு, சீட்டுலேர்ந்து ஆளு எழுந்தா எஞ்சின் தானா நின்னுடும், பயப்படாதீங்க, அது ஆபத்துக்காக வெச்சிருக்குறது.

கடல் பக்கச் சரிவுல அந்த வண்டி பசு மாடாட்டம் போச்சு. ஒரு எடத்துல கூட வழுக்கல. இதான் வண்டி, இது மேல இவரு குந்துனா நான் நிம்மதியா தூங்குவேன்னு முடிவு பண்ணிட்டேன்.

குந்துனாத்தானே!

இருவது வருஷம் படகுல நின்னுகினே ஓட்டுன மனுஷன். காலை அகட்டி வெச்சு, படகு எந்தப் பக்கம் சாயுதோ அதுக்கு எதிர்ப் பக்கம் ஒடம்பை சாய்ச்சுப் பழகுன ஒடம்பு. வண்டி சரிவுல குறுக்கால திரும்புச்சுன்னா, அவருக்கே தெரியாம இடுப்பு சீட்டை வுட்டு எழுந்து மேட்டுப் பக்கம் போயிடும். எஞ்சின் பட்டுனு நிக்கும். திரும்ப ஸ்டார்ட் பண்ணுவாரு. பத்தடி போவும். திரும்ப நிக்கும். எங்க பொம்பளைங்க கீழேர்ந்து, "அண்ணே, இறால் மாட்டிகிச்சா?"ன்னு ஒரே சிரிப்பு.

"பெல்ட்டு போட்டுக்கோய்யா, இடுப்பு எழாது"ன்னேன்.

"போமே! படகோட ஒருத்தன் தன்னைக் கட்டிக்குவானா? அது முழுகுனா நம்மளும் சேந்து முழுகறதுக்கா?"

"இது படகு இல்லய்யா, புல்லுவெட்டி."

"ஆடுது இல்ல? சாயுது இல்ல? அப்ப படகுதான்"னாரு.

திங்கள், செவ்வா, புதன், மூணு நாளும் இதே கூத்து. எஞ்சினியரு ஒரு தாளுல எத்தினி தடவை நின்னுச்சுன்னு கோடு போட்டுகினே இருந்தாரு. புதன்கெழமை சாயங்காலம் என்னைக் கூப்ட்டு, "அம்மா, இந்த வண்டி ரொம்ப நின்னு நின்னு போவுது. மேனேஜருக்கு மொத வண்டிதான் புடிச்சிருக்கு. வெள்ளிக்கெழமையும் இப்படியே நின்னா என்னால ஒண்ணும் பேச முடியாது"ன்னாரு. அவரு மேல தப்பு இல்ல. நான் வூட்டுக்குப் போற ரயில்ல நின்னுகினு வந்தேன். கண்ணை மூடுனா மொத வண்டி பக்கவாட்டுல சறுக்குது, அதுமேல இஸ்திரிச் சட்டைக்காரன் இல்ல, எங்க வூட்டுக்காரரு.

வியாழக்கெழமை மத்தியானம் எல்லாரும் சோத்து மூட்டையைப் பிரிச்சுகினு வேப்பமரத்தடியில இருந்தாங்க. நான் மட்டும் ஷெட்டுக்குப் போனேன். சீட்டைத் தூக்குனேன். அடியில ஒரு ஸ்விட்சு, அதுலேர்ந்து ரெண்டு ஒயரு ஒரு பிளக்குல போவுது. எங்க அண்ணன் ஆட்டோ மெக்கானிக்கு, இந்த மாதிரி வேலையெல்லாம் சின்னதுலேர்ந்து பாத்திருக்கேன். பிளக்கைப் புடுங்குனேன். தாலிச் செயின்ல கோத்திருந்த ஊக்குல ஒண்ணைக் கழட்டி, வளைச்சு, அந்த ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல சொருகுனேன். மேல டேப்பு சுத்துனேன். அவ்ளோதான், ரெண்டு நிமிஷ வேலை. இனிமே சீட்டுல ஆளு இருந்தாலும் இல்லன்னாலும் வண்டிக்கு ஒண்ணுதான்.

வெள்ளிக்கெழமை ஒரு நாள் தாண்டட்டும், வண்டியை வாங்கட்டும், அப்புறம் கழட்டிடலாம், மெதுவா குந்தக் கத்துக்குடுக்கலாம். இப்படித்தான் கணக்குப் போட்டேன். யார்கிட்டயும் சொல்லல. அவர்கிட்டயும் சொல்லல.

அன்னிக்குச் சாயங்காலம் ஓட்டிப் பாத்தாரு. ஒரு தடவை கூட நிக்கல. மேட்டு மேலேர்ந்து கையத் தூக்கிக் காமிச்சாரு பாருங்க, படகு நெறைய மீனு வந்தாக்கூட அப்படிக் காமிச்சதில்ல. எறங்கி வந்து, "பாத்தியாமே? ஒடம்பு புடிச்சுகிச்சு. குந்திகினே ஓட்டுறேன்"னாரு. நான் கண்ணால பாத்தேன், இடுப்பு சீட்டுலயே இல்ல. "ஆமாய்யா, சூப்பரு"ன்னேன். வூட்டுக்கு வர்ற வழியில டீக்கடையில, ரயில்ல, தெருவுல, பாத்தவன்கிட்டயெல்லாம் அதே பேச்சு. "இருவது வருஷப் பழக்கம், நாலு நாள்ல மாத்திக்கினேன் தெரியுமா?" அப்பவாவது சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

வெள்ளிக்கெழமை மேனேஜரு, எஞ்சினியரு, ஆபீஸ் ஆளுங்க நாலு பேரு, மெக்கானிக்கு எல்லாரும் மேட்டு அடியில ரோட்டுல நின்னாங்க. எங்க பொம்பளைங்க தூரமா. மெக்கானிக்கு, "பெல்ட்டு அண்ணே"ன்னாரு. எங்க வூட்டுக்காரரு சும்மா தலையாட்டிட்டு, பெல்ட்டு போடாமயே வண்டியை எடுத்தாரு.

மொத சுத்து நல்லா போச்சு. ரெண்டாவது சுத்தும். எஞ்சினியரு கையில இருந்த தாளுல ஒரு கோடு கூட விழல. என்னைப் பாத்து சிரிச்சாரு. மூணாவது சுத்துல எங்க வூட்டுக்காரருக்கு குஷி தாங்கல, இன்னும் மேல, ரொம்ப செங்குத்தா இருக்குற எடத்துக்கு ஏறுனாரு. இப்ப முழுசா எழுந்தே நிக்கிறாரு. ஒரு காலு மேட்டுப் பக்கம் வெளியில. ஒத்தக் கையில ஸ்டியரிங்கு. நான் "குந்துய்யா!"ன்னு கத்துனேன். எஞ்சின் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?

மழை அறுத்த பள்ளம் ஒண்ணு புல்லுக்கு அடியில இருந்துச்சு. முன் சக்கரம் அதுல எறங்கி எகிறுச்சு. ஆளு மேட்டுப் பக்கமா விழுந்தாரு. விழுந்தவரு ஸ்டியரிங்கை வுடல. கடல்ல பழகுன கை, உசுரே போனாலும் புடிச்சதை வுடாது. அவரு இழுத்த இழுப்புல வண்டி மூஞ்சியைத் திருப்பி, அவரு மேலயே வந்துச்சு. வேகத்துக்கு அதுல கை லீவரு, வெச்ச எடத்துல அப்படியே நிக்கும். ஆளு இல்ல, வண்டி ஓடுது. பிளேடு சுத்துது. வெட்டுன புல்லுல வழுக்கி அவரு காலு தட்டுக்கு அடியில போறதை நான் பாத்தேன்.

எப்படி ஓடுனேன்னு எனக்குத் தெரியாது. "ஐயோ, ஐயோ"ன்னு மட்டும் என் காதுலயே கேட்டுச்சு. மெக்கானிக்கு என்னைத் தாண்டி ஓடி, பாஞ்சு சாவியைத் திருப்புனாரு. சத்தம் நின்னுச்சு.

அவரு உருண்டு தள்ளிப் படுத்துகினு இருந்தாரு. ஷூவோட குதிகால் பக்கம் காணோம், கத்தியால கேக்கு வெட்டுன மாதிரி. உள்ள ரத்தம். காலு இருந்துச்சு. வெரலெல்லாம் இருந்துச்சு. எண்ணிப் பாத்தேன், ரெண்டு தடவை எண்ணுனேன்.

"ஒண்ணுமில்லமே, அழாத"ன்னாரு அவரு. பல்லைக் கடிச்சுகினு இருந்தாரு.

மேனேஜரு மூச்சு வாங்க ஏறி வந்தாரு. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு. "ஆளு விழுந்தும் எஞ்சின் நிக்கல. இதுக்குப் பேரு பாதுகாப்பா?"ன்னு மெக்கானிக்கைப் பாத்துக் கத்துனாரு.

"நிக்கும் சார். கண்டிப்பா நிக்கும் சார். நான் பாக்குறேன்"னு அவரு சீட்டு மேல கைய வெச்சாரு.

"ஒண்ணும் தொட வேணாம். லோடு ஏத்திக்கினு கெளம்புங்க. மொதல்ல வந்த வண்டியையே வாங்கிடலாம்."

அவ்ளோதான். நான் வாயை மூடிகினு இருந்தா முடிஞ்சுது. வண்டி போயிடும், எனக்கு ஒண்ணும் ஆவாது, பொழப்பும் போவாது. காலு ஆறுனதும் இவரு அந்தப் பளபளா வண்டியில ஏறுவாரு. சறுக்குற வண்டியில. கிரீஸ் கையோட அந்த மெக்கானிக்கு, செய்யாத தப்புக்குத் தலையைத் தொங்கப் போட்டுகினு நிக்கிறாரு.

"சார், வண்டி மேல தப்பு இல்ல. ஸ்விட்சைக் கெடுத்தது நான்"னேன்.

யாருக்கும் புரியல. நானே போயி சீட்டைத் தூக்கி, டேப்பைப் பிச்சு, ஊக்கை எடுத்துக் காமிச்சேன். நடந்ததை ஒண்ணு விடாம சொன்னேன். சொல்லும்போது மேனேஜரைப் பாத்துச் சொல்லிட்டேன், எஞ்சினியரைப் பாத்துச் சொல்லிட்டேன், மெக்கானிக்கைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். கீழ குந்திகினு இருந்த என் புருஷனை மட்டும் பாக்க முடியல.

குதிகால்ல ஏழு தையல். மறுநாளே கேட்டுல என் பாஸை வாங்கிக்கினாங்க. இனிமே அந்தக் கம்பெனிக்குள்ள நான் கால் வைக்கக் கூடாது. நியாயம்தான், நான் எதிர்த்துப் பேசல. மெக்கானிக்கு புது ஸ்விட்சு போட்டு, அவரே குந்தி, பெல்ட்டு போட்டு, கடல் பக்கம் முழுக்க ஓட்டிக் காமிச்சாராம். எந்திரிச்சும் காமிச்சாராம், டக்குனு நின்னுச்சாம். அந்த வண்டியைத்தான் வாங்குனாங்க. ஓட்டுறதுக்கு எங்க வூட்டுக்காரரையே கேட்டாங்க, பெல்ட்டு போடுறதா எழுதிக் குடுக்கணும்னு. எழுதிக் குடுத்தாரு.

மூணு வாரம் வூட்ல இருந்தாரு. சாப்புட்டாரு, மாத்திரை போட்டாரு, டிவி பாத்தாரு. என்னைத் திட்டல. திட்டியிருந்தா தேவல. தெருவுல யாராவது "இன்னாண்ணே, குந்திகினு ஓட்டக் கத்துக்கினியாமே"ன்னு கேட்டா, மூஞ்சியைத் திருப்பிக்கினு உள்ள வந்துடுவாரு. அப்பல்லாம் நான் சமையக்கட்டுலயே நின்னுகினு இருப்பேன்.

திரும்ப வேலைக்குப் போற அன்னிக்குக் காலையில புது ஷூவுக்கு நாடா கட்டிகினு இருந்தாரு. தலையைத் தூக்காமயே கேட்டாரு.

"எங்கிட்ட ஏன்மே சொல்லல?"

இந்தக் கேள்விக்கு மூணு வாரமா பதில் தேடி வெச்சிருந்தேன். உன் நல்லதுக்குத்தான், நேரம் இல்ல, மறந்துட்டேன். அதையெல்லாம் விட்டுட்டு நெசத்தைச் சொன்னேன்.

"சொல்லியிருந்தா நீ ஏறியிருக்க மாட்டய்யா."

நாடாவை இறுக்கிக் கட்டுனாரு. எழுந்து நின்னு காலை ஒரு தடவை தரையில மிதிச்சுப் பாத்தாரு.

"ஆமா, ஏறியிருக்க மாட்டேன். அது தெரிஞ்சுகினேதான் நீ ஏத்தி வுட்ட"ன்னாரு. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துகினு வேலைக்குக் கெளம்பிட்டாரு.